பின்னால் நின்று தட்டுகிறவர்கள்

1

நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கதவைத் திறந்துவிட்டு என் மகள் ஹனா கேட்கிற கேள்வி ஒன்றுதான். "எத்தின நாள் நிப்பீங்க, வாப்பா?"

கிழக்கிலங்கையில் எங்கள் கல்முனைப் பக்கம் விருந்தாளியிடம்கூட நாம் இதைக் கேட்பதில்லை. கேட்டால், எப்போது கிளம்பப் போகிறாய் என்று கேட்டதாகிவிடும். வந்தவர் முகம் சுருங்கிப்போகும். ஹனாவுக்கு அந்தச் சூட்சுமம் தெரியாது. ஏழு வயதில் கனடாவுக்கு வந்தவள், இப்போது பதினைந்து. அவளுக்கு அது வெறும் தகவல். எத்தனை நாளைக்குக் குளியலறையில் ஆள் கூடுதல், எந்த நாளில் சிநேகிதிகளைக் கூப்பிடலாம் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை காலையும் அதையே கேட்டாள். வின்னிபெக்கிலிருந்து திரும்பி, லொறியை யார்டில் விட்டுவிட்டுத் தோளில் பையோடு வாசலில் நின்றேன். வழக்கமாக "ரெண்டு நாள்" என்பேன், அவள் "ஓகே" என்பாள், அதோடு பேச்சு முடியும். இந்த முறை எனக்கே பதில் தெரியவில்லை. நான் தூர ஓட்டத்துக்குப் போகத் தொடங்கி அந்தக் கிழமையோடு ஒரு வருசம். எங்கள் கம்பனியில் சாரதிகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற குல்தீப் முதல்நாள் போனில் சொல்லியிருந்தான்: உள்ளூர் ஓட்டத்தில் ஒரு சீட் காலியாகிறது, வேண்டுமானால் திங்கட்கிழமை காலைக்குள் சொல். வேண்டாமென்றால் தூர ஓட்டத்துக்கே புது வண்டி தருகிறேன், ஆனால் இன்னொரு வருசத்துக்குக் கையெழுத்து வைக்க வேண்டும்.

"பார்ப்பம்" என்று ஹனாவிடம் சொன்னேன். அவள் புருவத்தை உயர்த்திவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

2

ஊரில் நான் நெல் லொறி ஓட்டினவன். இங்கே வந்ததும் அந்த அனுபவத்தைத் தூக்கிக் குப்பையில் போடச் சொன்னார்கள். ஆறு வருசம் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். பிறகுதான் துணிந்து ட்ரெய்லர் ஓட்டும் லைசன்சுக்குப் படித்தேன். எழுத்துச் சோதனை, மருத்துவச் சோதனை, பயிற்சி, றோட்டுச் சோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. எல்லாம் முடிந்து கார்டு கைக்கு வந்தபோது அதிலிருந்த பெயர் என்னுடையதல்ல.

எங்கள் ஆட்களின் பெயரில் வாப்பாவின் பெயர் முன்னே, நம் பெயர் பின்னே. ஆதம்லெப்பை நிசார். இங்கேயுள்ள படிவங்களுக்கு முன்னே இருப்பதுதான் உன் பெயர், பின்னே இருப்பது குடும்பப் பெயர். ஆகவே கனடாவின் கணக்கில் நான் ஆதம்லெப்பை. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாற்றலாம், பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, சத்தியக் கடதாசி எல்லாம் கொண்டுவாருங்கள் என்றாள். போதும் போதும் என்று விட்டுவிட்டேன். குல்தீப் அதையும் சுருக்கி "ஆடம்" ஆக்கிவிட்டான். என் வாப்பா வாழ்நாளில் கொழும்புக்கே நாலைந்து தடவைதான் போயிருப்பார். மௌத்தாகி இத்தனை வருசத்துக்குப் பிறகு அவர் பெயர்தான் மனிடோபா வரைக்கும் ஓடுகிறது. கம்பனியில் நிசாரை யாருக்கும் தெரியாது.

லைசன்ஸ் எடுத்த புதுச் சாரதிக்கு முன்னால் இரண்டு பாதைதான். உள்ளூர் ஓட்டம் என்றால் விடியுமுன் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வரலாம். ஆனால் நகரத்துக்குள் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கடை. ஒவ்வொரு கடையிலும் ட்ரெய்லரைப் பின்பக்கமாக ஒடுக்கமான சந்துக்குள் விட வேண்டும், பாதிச் சாமானைக் கையால் இறக்க வேண்டும். தூர ஓட்டம் என்றால் பத்து நாள், பன்னிரண்டு நாள் வீடில்லை. ஓடுகிற தூரத்துக்குத்தான் சம்பளம். ஆனால் றோட்டு நேராகப் போகும், இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்தால் போதும். புதுச் சாரதிகளைத் தூர ஓட்டத்துக்குத்தான் எல்லோரும் உடனே எடுப்பார்கள். நகரத்துக்குள் விடக் காப்புறுதிக்காரர்கள் யோசிப்பார்கள். அப்படியிருந்தும் குல்தீப் என்னிடம் இரண்டையும் நீட்டினான். அவனுக்கு அந்தக் கிழமை ஆள் தட்டுப்பாடு.

என் மனைவி ஜெஸ்மின் யோசிக்கவே இல்லை.

"லோக்கலுக்குப் போங்க. கொறைஞ்ச சம்பளமெண்டாலும் சமாளிக்கலாம். பின்னேரம் நீங்க வீட்ட வந்தாப் போதும்."

"ஒரு வருசம் லோங் ஓடுவம் ஜெஸ்மின். கை பழகட்டும். மறுகா லோக்கலுக்கு மாறுவம்."

"உங்கட மறுகா" என்றாள்.

பிறகு, அடுத்ததாக, அப்புறம் என்று எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் ஒரே சொல் மறுகா. ஹனா சின்னவளாக இருந்தபோது அதற்கு "இல்லை" என்றுதான் அர்த்தம் என்று நினைத்திருந்தாள். சைக்கிள் கேட்டால் மறுகா, கடலுக்குப் போவோமா என்றால் மறுகா, ஊருக்கு எப்போது போவது என்றால் மறுகா. ஒருநாள் கறியில் கத்தரிக்காயைக் கண்டுவிட்டுக் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்து, "எனக்கு மறுகா" என்றாள். நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

ஜெஸ்மினிடம் சொல்லாத ஒன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். நான் தூர ஓட்டத்தைத் தெரிவுசெய்தது சம்பளத்துக்காகவும் அல்ல, கை பழகவும் அல்ல. ரிவர்ஸுக்குப் பயந்து. றோட்டுச் சோதனையில் இரண்டு தடவை தவறியதும் அதில்தான். ட்ரெய்லர் இடப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. சந்துக்குள் வண்டி குறுக்கே நிற்க, பின்னால் வரிசையாகக் கார்கள் ஹோர்ன் அடிக்க, நடைபாதையில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்க, நாற்பது வயதுக்கு மேல் அந்த வெட்கத்தைத் தாங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

3

ஊரில் ரிவர்ஸ் ஒரு பிரச்சினையே இல்லை. சவளக்கடை வட்டைகளில் அறுவடையான நெல்லை ஏற்றிக்கொண்டு கல்முனைப் பக்கத்து மில்லுகளுக்கு ஓடுவேன். வட்டை என்றால் வயல் வெளி. வரம்புக்கும் வாய்க்காலுக்கும் நடுவே லொறி ஒன்று மட்டும் போகிற கிரவல் பாதை. திருப்ப இடமில்லை, போன வழியே பின்னால் வர வேண்டும். ஆனால் பின்னால் எப்போதும் யாராவது ஒருவர் நிற்பார். மூட்டை ஏற்றியவர், வயல்காரர், சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்கிற வழிப்போக்கர் என்று யாரும் கூப்பிடாமலே வந்து நிற்பார்கள். "வரட்டும், வரட்டும், இன்னும் வரட்டும்" என்று குரல் வரும். பிறகு லொறியின் உடம்பில் உள்ளங்கையால் ஒரு தட்டு. தட்டு விழுந்தால் பிரேக். கண்ணாடியைப் பார்க்க வேண்டியதில்லை, காது இருந்தால் போதும்.

ஒருநாள் அப்படித் தட்டு விழுந்து இறங்கிப் போய்ப் பார்த்தால், பின்சில்லுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது. தட்டியவர் யாரென்றே எனக்குத் தெரியாது. தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் பாத்து எடு தம்பி, உள்ளுக்கு விழுந்தா நெல்லெல்லாம் முளைச்சிப் போகும்" என்றார். நான் செத்துப்போவேனே என்று அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இருவரும் கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு அவரவர் வழியில் போனோம்.

பகல் சோற்றுக்கு நான் வீட்டில் இருப்பேன். சாய்ந்தமருதில் ஜெஸ்மினின் வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் வீடு மாறுகிறவன் ஆண்தான். பெண்ணுக்குப் பெற்றவர்கள் வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை பெட்டியோடு போய்ச் சேருவான். நான் மருதமுனையிலிருந்து போனவன். கூட்டாளிமார் பகிடி பண்ணுவார்கள், நாமெல்லாம் சாகும் வரைக்கும் பொஞ்சாதி வீட்டு விருந்தாளிதான் என்று. விருந்தாளிதான், ஆனால் ஒவ்வொரு நாளும் பகல் ஒரு மணிக்குச் சோற்றுக்கு வருகிற விருந்தாளி. லொறிச் சத்தம் கேட்டதும் ஹனா சாவிக்கு ஓடிவருவாள். வண்டியை அவள்தான் நிறுத்த வேண்டும், அதாவது சாவியை அவள்தான் திருப்ப வேண்டும்.

ஏன் வெளிக்கிட்டோம் என்று கேட்டால், பிள்ளையின் படிப்புக்காக என்று எல்லோரும் சொல்வதைத்தான் நாங்களும் சொன்னோம்.

4

தூர ஓட்டத்தின் ஒரு வருசத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அதுதான் அதன் கஷ்டம். சுப்பீரியர் ஏரியை ஒட்டிய பாதையில் மணிக்கணக்காகப் போவேன். கடல் மாதிரித்தான் கிடக்கும். ஆனால் உப்பு மணமில்லை, கரையில் தோணியில்லை, மீனுக்கு விலை கேட்டுச் சத்தம்போட ஆளில்லை. இறக்காமத்துப் பக்கம் பொழுதுபட்டால் யானைக்குப் பயந்து ஓட்டுவோம். இங்கே மூஸ் என்று ஒரு மிருகம், அதற்குப் பயந்து ஓட்டுகிறேன். பயத்திலாவது ஒரு பழக்கம் இருக்கிறது.

ஜெஸ்மின் கறிகளை உறையவைத்துப் பெட்டி பெட்டியாகத் தருவாள். ஒவ்வொன்றின் மூடியிலும் கிழமையின் பெயர் எழுதி ஒட்டியிருப்பாள். செவ்வாய்ப் பெட்டியைத் திறந்தால் செவ்வாய். அப்படித்தான் நாள் தெரியும். நாளொன்றுக்கு நான் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெற்றோல் நிலையத்தில் "தேங்க்யூ", களஞ்சிய வாசலில் பத்திர இலக்கம், அவ்வளவுதான். ஒருமுறை வின்னிபெக்கில் சாமானை இறக்கிவிட்டுப் புறப்படும்போது அங்கே கடதாசி பார்க்கிற அம்மணியிடம், நம் பழக்கத்தில், போயிட்டு வாறன் என்பதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். ஐ வில் கோ அண்ட் கம். அவள் கதவைப் பூட்டாமல் எனக்காக அரை மணித்தியாலம் காத்திருந்தாளாம். குல்தீப் போனில் ஏசினான். நான் அப்போது எண்பது கிலோமீற்றர் தாண்டியிருந்தேன்.

பிரயாணிக்குத் தொழுகையில் ஒரு சலுகை உண்டு. நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழுவது ஒரு ரக்அத்; பகல் லுஹர், பின்னேர அஸர், இரவு இஷா ஆகிய மூன்று தொழுகைகளிலும் உள்ள நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். கஸ்ர் என்போம். சொந்த ஊரின் எல்லைக்குள் வந்ததும் சலுகை முடிந்தது, மறுபடி நான்கு. ஊரில் கொழும்புக்குப் போய்வந்தபோது அதைப் பயன்படுத்தியதோடு சரி. இந்த ஒரு வருசத்தில் நான் சுருக்காமல் தொழுதது கொஞ்சம்தான். ட்ரெய்லரின் ஓரமாக, காற்று மறைவில், பிளாஸ்டிக் பாயை விரித்து இரண்டு, அதோடு சேர்த்து இன்னொரு இரண்டு, தலையை இரு பக்கமும் திருப்பி ஸலாம் கொடுத்து முடித்துவிட்டு வண்டியில் ஏறிவிடுவேன். ஒருமுறை பக்கத்து லொறிக்காரர், நெற்றியைத் தரையில் வைத்த ஸுஜூதிலிருந்து நான் எழும்பும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, ஏதாவது தொலைந்துவிட்டதா, நானும் தேடட்டுமா என்று கேட்டார். நல்ல மனுசன்.

வீட்டுக்கு போன் எடுத்தால் ஹனாவிடம் கேட்பது, "தொழுதியா மகள்?" அவள் "ம்" என்பாள். நான் நம்புவதில்லை. அறைக் கதவை மூடிக்கொண்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை எங்கே தொழப்போகிறாள். எங்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து கவலைப்பட்டேன். றோட்டில் கவலைப்பட நேரம் நிறைய.

5

அந்தச் சனிக்கிழமை ஜெஸ்மின் வேலையில் இருந்தாள். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை, பின்னேரம்தான் வருவாள். நான் குளித்துவிட்டுப் கிழமைப் பெயர் ஒட்டாத சோறு சாப்பிட்டேன். லுஹருக்கு நேரமானதும் ஹோலில் பாயை விரித்தேன். ஹனா அறையிலிருந்து வந்தாள். தலையை மூடியிருந்தாள். எனக்குப் பின்னால் தன் பாயை விரித்தாள். வாப்பா வந்திருக்கிற நாளில் ஒரு காட்சி என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன்.

தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினேன். லுஹரில் சத்தமாக ஓதுவதில்லை, வீடு அமைதியாக இருந்தது. என் நினைவெல்லாம் குல்தீப்புக்குச் சொல்ல வேண்டிய பதிலில். இரண்டாவது ரக்அத்தில் அத்தஹிய்யாத் இருப்பில் உட்கார்ந்தேன், ஓதினேன், வலப்பக்கம் தலையைத் திருப்பி ஸலாம் கொடுத்தேன்.

பின்னால் டப் என்று ஒரு சத்தம்.

என் வலது கால் தானாக அழுத்தியது. சத்தியமாகச் சொல்கிறேன், பாயில் உட்கார்ந்திருந்தவனின் கால் பிரேக்கைத் தேடியது. அதற்குப் பிறகுதான் அது என்ன சத்தம் என்று விளங்கியது. முன்னால் நின்று தொழுவிக்கிற இமாம் தவறிவிட்டால், பின்னால் நிற்கிற ஆண்கள் ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லி நினைவூட்டுவார்கள். பெண்கள் வாய் திறப்பதில்லை, வலக்கையால் இடக்கையின் புறத்தில் தட்டுவார்கள். ஹனா தட்டியிருந்தாள். நான் சொந்த வீட்டில், சொந்த மகளை வைத்துக்கொண்டு, பிரயாணியாகத் தொழுதுவிட்டேன்.

எழுந்து மூன்றாவது ரக்அத்துக்கு நின்றேன். அவளும் எழுந்து நின்ற சத்தம் கேட்டது. நான்கையும் முடித்து, மறதிக்குரிய இரண்டு ஸுஜூதையும் செய்து, இரண்டு பக்கமும் ஸலாம் கொடுத்தேன். திரும்பிப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"வாப்பா, ஏன் ரெண்டு தொழுதீங்க?" என்றாள். குரலில் குற்றம் ஒன்றுமில்லை. "இது வீடுதானே."

"ஓம் மகள். மறந்திட்டன்."

"இட்ஸ் ஓகே. உம்மாவும் மறக்கிற."

"உம்மாவா?"

"வேலையால வந்து டயர்ட். இஷா தொழக்குள்ள ரெண்டா மூணா எண்டு தெரியாமப் போயிரும். நான்தான் பின்னுக்கு நிண்டு தட்டுற." பாயை மடித்துக்கொண்டே சொன்னாள், ஏதோ குப்பை வாளியை வெளியில் வைப்பது தன் வேலை என்பதுபோல. "எவ்ரி டே."

அவள் அறைக்குப் போன பிறகும் நான் பாயிலேயே இருந்தேன். ஒவ்வொரு நாளும் இந்த ஹோலில் ஒரு தாயும் மகளும் தொழுதிருக்கிறார்கள். ஒருத்தி களைத்துத் தடுமாற, மற்றவள் பின்னால் நின்று பிடித்திருக்கிறாள். எனக்கு ஒன்றுமே தெரியாது. மகள் கையைவிட்டுப் போகிறாள் என்று நான் றோட்டில் அழுதுகொண்டு திரிந்திருக்கிறேன். போனது யாரென்று யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம். இப்போது சொல்லிவிட்டாள்.

பின்னேரம் ஜெஸ்மின் வந்ததும் கேட்டேன்.

"ஏன் இதெல்லாம் எனக்குச் சொல்லல்ல?"

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "நீங்க கேட்டாத்தானே. போன் எடுத்தா றோட்டு, ஸ்னோ, கறிப்பெட்டி. இதுதானே கதை." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "என்ன செஞ்சீங்க?"

நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சப்பாத்தைக் கதவோரம் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு வருசம் முடிஞ்சிட்டு என்ன?" என்றாள்.

"ஓம்."

"மறுகா?"

6

திங்கட்கிழமை காலை குல்தீப்புக்கு போன் எடுத்தேன். உள்ளூர் சீட்டை எடுக்கிறேன் என்றேன். ஆடம், அங்கே நாள் முழுக்க ரிவர்ஸ்தான், உனக்கு அது கொஞ்சம் இடக்கு என்பது எனக்குத் தெரியும் என்றான். தெரியும் என்றேன். பின்னால் நின்று வழிகாட்ட ஆள் கிடையாது, ஒவ்வொரு தடவையும் நீயே இறங்கிப் பார்க்க வேண்டும் என்றான். அதுவும் தெரியும் என்றேன்.

இதை எழுதுவது உள்ளூர் ஓட்டத்தின் நாலாவது நாளில். முதல் நாள் முதல் கடையிலேயே சந்துக்குள் வண்டி குறுக்கே நின்றது. கார்கள் ஹோர்ன் அடித்தன. நடைபாதையில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இறங்கினேன், பின்னால் போய்ப் பார்த்தேன், ஏறினேன், ஒரு முழம் பின்னால் விட்டேன், மறுபடி இறங்கினேன். ஐந்து தடவை. வெட்கத்தில் காது சூடாகியது. சாகவில்லை.

நான் நினைத்ததுபோல வீட்டில் ஒன்றும் மாறிவிடவில்லை. விடியுமுன் போகும்போது இருவரும் தூக்கம். வரும்போது ஜெஸ்மின் பின்னேர வேலையில் இருப்பாள், ஹனாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வொலிபோல் பயிற்சி. எத்தனை நாள் நிற்பேன் என்று அவள் இப்போது கேட்பதில்லை. வேறொன்றும் கேட்பதுமில்லை. அதற்கு நாளாகும் போலிருக்கிறது.

இன்று வந்து கைகால் கழுவி அஸருக்கு நின்றேன். வீட்டில் யாருமில்லை. இரண்டாவது ரக்அத் முடிந்து இருப்பில் இருந்தேன். ஓத வேண்டியதை ஓதி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன், பின்னால் காதை வைத்துக்கொண்டு. சத்தமில்லை. நானாகவே மூன்றாவது ரக்அத்துக்கு எழுந்து நின்றேன்.